மணமேடைக்கு ஒரு கன்ட்ரோலர்

நொச்சிக்காட்டுப்பாளையத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை; கேட்டால் அவர்களே சொல்வார்கள். அதில் முதல் ஆள் மருதாசலம். மகள் கல்யாணத்தில் மணமேடையே மெள்ளச் சுற்றிவந்து, தாலி கட்டும் நேரத்தில் சூரியனைப் பார்த்து நிற்கும் என்று சம்பந்தி ராக்கியப்பனிடம் சவால் விட்டிருந்தார். நிற்காவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

கடையில் வாங்கிய பிரஷ்லெஸ் மோட்டாரை, அதை ஓட்டும் கன்ட்ரோலர் பெட்டியோடு மேடைக்கு அடியில் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். சுற்றிய வேகத்தில் வாழைமரம் ரெண்டும் பக்கத்துத் தோட்டத்தில் போய் விழுந்தன.

கடைக்காரர் மாற்றுக்கு வேறு இரண்டு கன்ட்ரோலர் கொடுத்தனுப்பினார். "மெதுவாச் சுத்தி, சொன்ன எடத்துல நிக்கோணும்னா, மோட்டார் எங்க இருக்குதுன்னு கன்ட்ரோலருக்குத் தெரியோணுமுங்க. எதுக்குத் தெரியுதோ அதை வெச்சுக்குங்க. நிக்க வேண்டிய எடத்தை ஒருக்கா காட்டிப் பொத்தானை அமுக்கினாப் போதும்."

"அதையும் சோதிச்சிரலாம் மாமா," என்றான் மைத்துனன் சென்னியப்பன். மோட்டாரைக் கழற்றி சாம்பார் அண்டாவுக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். இரண்டு கன்ட்ரோலருக்கும் கரண்ட் கொடுத்து, முக்காலியில் உட்காரவைத்து, மருதாசலம் மரியாதையாகக் கேட்டார்: "மோட்டார் எங்கீங்க?"

ஒன்று கம்மென்று இருந்தது. இன்னொன்றில் பச்சை விளக்கு மினுக்கியது.

"இதுக்குத் தெரியுது மாமா!"

"அப்புறம் ஏன்டா சொல்ல மாட்டேங்குது?"

"காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு நெனைக்குது. நம்பகமான பொட்டி."

அதையே மாட்டினார்கள். அட, மேடை எறும்பு ஊர்கிற மாதிரி சுற்றியது! அன்று சாயங்காலம் மேடையைச் சூரியனைப் பார்க்க நிறுத்தி, மருதாசலமே பொத்தானை அமுக்கினார். நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். மேடை சுற்றிவந்து, காட்டிய இடத்தில் இம்மி பிசகாமல் நின்றது. சூரியனோ மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்தது!

"கன்ட்ரோலர் சரியில்லீங்களா?" என்றார் ராக்கியப்பன்.

சென்னியப்பன் மேடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நேத்து நின்ன அதே எடமுங்க. பொட்டி மேல தப்பில்லை."

"அப்ப சூரியன்தான் எடம் மாறி நிக்குதுங்களா?"

"ஆமாங்க."

ராக்கியப்பன் சூரியனையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரீங்க. அது சரியான எடத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். காலைப் பலகாரம் ஆயிற்று, மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. மாப்பிள்ளை கையில் தாலியோடு கொட்டாவி விட்டார். கல்யாணம் நடத்தவந்த அருமைக்காரர் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். சாயங்காலம் சூரியன் மேடைக்கு நேர் எதிரே வந்ததும் கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறியது. மருதாசலத்துக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

ராக்கியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடையைக் குறை சொல்ல முடியாதுங்க. சூரியனும் மெதுவாத்தான் சுத்துது. நிக்கிற எடம்தான் சரியில்லை. வளைகாப்புக்குள்ள அதுக்கும் நல்ல கன்ட்ரோலராப் பாத்து மாட்டிருங்க, சம்பந்தி."

மருதாசலம் வானத்தை அண்ணாந்து அளந்து பார்த்தார். "மாட்டிரலாமுங்க. ஒயருதான் கொஞ்சம் நீளமா வாங்கோணும்."