கார்டில் ஒரு பஸ் ஸ்டாப்

தூத்துக்குடி ஜவுளிக்கடை முதலாளி திரவியராஜுக்குத் தன் முகம் மட்டும் சலிக்கவே சலிக்காது. விசிட்டிங் கார்டில் கியூஆர் கோடு அச்சடித்தார். ஸ்கேன் பண்ணினால் அவர் தன் பெருமையைத் தானே பேசும் வீடியோ ஓடும். ஊரில் ஒருவரும் சீண்டவில்லை.

கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஷீபாவைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, ஒருதடவ பாத்தவன் தெனமும் பாக்கணும். பொங்கலுக்குள்ள நடக்கலன்னா வேற கடையப் பாத்துக்க.”

ஷீபாவின் புருஷன் மஸ்கட்டில் இருந்தான். அவன் வேலை முடிந்து வரும்போது இவள் தூங்கியிருப்பாள். மனுஷன் தினமும் எதைப் பார்க்க ஏங்குவான் என்று அவளுக்கா தெரியாது?

கடைவாசல் கேமராவுக்கு எதிரே பஸ் ஸ்டாப். வீடியோவை எடுத்துவிட்டு, அந்த நேரடிக் காட்சியைக் கியூஆர் கோடில் இணைத்தாள். துணி எடுக்க வந்த பெண்களிடம், “வெளிநாட்டுல இருக்க உங்க ஆளுக்கு இந்தக் கார்டப் போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா. ஸ்டாப்புல நீங்க நின்னா அங்கேருந்தே பாப்பாரு” என்றாள்.

பொங்கலுக்குள் தோஹா, துபாய், சிங்கப்பூர் என்று ஆட்கள் தினமும் பார்த்தார்கள். ஸ்டாப்பில் நின்று கையாட்டிய பெண்கள் அப்படியே கடைக்குள்ளும் நுழைந்தார்கள்.

திரவியராஜ் குதித்தார். “என் கார்டுல என் மூஞ்சி எங்க?”

“உங்க பழைய வீடியோவயும் ஒருத்தர் தெனமும் பாத்திருக்காரு மொதலாளி.”

அவர் முகம் மலர்ந்தது. “யாரும்மா?”

“உங்க ரூம்ல இருந்துதான் பாத்திருக்காரு.”

கடையே சிரித்தது.

சாயங்காலம் ஷீபா ஸ்டாப்பில் நின்று, கேமராவைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்தாள். அவள் பஸ் வந்தது. விட்டுவிட்டாள். அடுத்ததையும் விட்டாள்.