உப்பில்லாத விருந்து

வாசல் காவலன் மருதப்பன் உள்ளிருந்து கோட்டைக் கதவைத் தளபதியின் ஆட்களுக்குத் திறந்துவிட்டான். விடிவதற்குள் ராஜா சிறையில் கிடந்தார், தளபதி அரியணையில் இருந்தான். அவன் சமையற்காரி நீலாயியைக் கூப்பிட்டான்.

“காவல்காரங்களுக்கு விருந்து போடு. சாப்பிட்டவன் எவனும் சாகிறவரைக்கும் எனக்குத் துரோகம் நினைக்கக் கூடாது. நினைச்சா உன் தலை இருக்காது.”

பந்தியில் தளபதி முதல் கவளத்தையே துப்பினான். “உப்பு எங்கடி?”

“போடலைங்க. ராஜா வீட்டு உப்பை இவங்க இத்தனை வருஷம் தின்னாங்க. அதுவே நேத்து வேலை செய்யல. உங்க உப்பு மட்டும் வேலை செய்யுமாங்க?”

தளபதி பந்தியைப் பார்த்தான். ஒருவனும் தலை நிமிரவில்லை. மருதப்பன் கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டான். இலையை மூடிவிட்டு எழுந்தான். சிறைச்சாவியும் அவன் இடுப்பில்தான் இருந்தது.

“எங்கடா போறே?”

“கதவு திறக்கத்தாங்க.”

யாரும் அவனைத் தடுக்கவில்லை.