கீழ்மடைத் தலைவரின் வாய்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவன் என் சகலை மாசிலாமணி, கீழ்மடைக்காரன். தூது போன ஒச்சப்பன் தன் கொள்ளுத்தாத்தா என்று சத்தியம் செய்வான். சந்தேகத்தில் ஒருநாள் அகராதியைப் பிரித்தேன். தூது என்றால் செய்தி என்று போட்டிருந்தது. அதைக் கொண்டுபோகிற ஆள் என்றும் போட்டிருந்தது. செய்தியும் ஆளும் ஒன்றா என்று குழம்பி மூடிவைத்தேன். அந்தக் குழப்பம் எனக்கு முன்பே கீழ்மடைக்கு வந்திருக்கிறது.

நெல் பால்பிடிக்கும் சமயம். ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும். பாயாவிட்டால் ஊரே பட்டினி. மடையோ பக்கத்து ஊரான மேல்மடையார் கையில், அடைத்துக் கிடந்தது. தூது அனுப்ப முடிவானது. தூதன் என்றால் யார் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

"தூதன்ங்கிறவன் அனுப்பினவரோட வாய். அவனுக்குன்னு சொந்தமா ஒரு சொல் கிடையாது. அவனை யாரும் அடிக்கவும் கூடாது" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதுதான் தப்பு.

"மடையைத் தொறக்கச் சொல்லு" என்று தலைவர் ஒச்சப்பனை அனுப்பினார். துணைக்கு மொக்கையனும் வீரணனும்.

பாதி வழியில் ஒச்சப்பனின் இடதுகாலில் முள் தைத்தது. முகம் கோணியது, வாய் திறக்கவில்லை.

"அண்ணே, முள்ளா?" என்றான் மொக்கையன்.

"அவர்ட்ட கேக்காதடா. முள்ளைப் பத்தித் தலைவர் ஒண்ணும் சொல்லி அனுப்பலையே" என்றான் வீரணன்.

"நாமளே எடுத்துட்டா?"

"அவர் தலைவரோட வாய். வாய்க்கு ஏதுடா காலு?"

ஒச்சப்பன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நொண்டினான்.

மேல்மடையில் தலைவர் வீட்டம்மாள் மோர் கொண்டுவந்தாள். வீரணன் செம்பைப் பொத்தினான். "வேணாம்மா. இது எங்க தலைவரோட வாய். இங்க ஊத்துனா அங்க அவருக்குச் சளி பிடிச்சுக்கும்."

மேல்மடைத் தலைவர் நல்ல மனுஷர். "தொறக்கிறேன்ப்பா. திருவிழாவுல முதல் மரியாதை எனக்குன்னு உங்க தலைவரை ஒத்துக்கச் சொல்லு. பதில் வந்ததும் தண்ணி வரும்" என்றார்.

திரும்பும்போது எல்லைக்கல்லருகே வீரணன் நின்றான்.

"போறப்ப இவர் நம்ம தலைவர் வாய். வர்றப்ப அவரோட வாய். ரெண்டு பேருமே இங்கதான இருக்காங்க? இங்கயே பேசி முடிச்சுட்டா என்ன?"

"நியாயம்" என்றான் மொக்கையன்.

ஒச்சப்பன் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, "மடையைத் தொற" என்றான். அந்தப் பக்கம் தாண்டி, "முதல் மரியாதை குடு" என்றான். இந்தப் பக்கம் வந்து, "உனக்கா? மூஞ்சியைப் பாரு." அந்தப் பக்கம் போய், "யாரைப் பாத்துடா சொன்ன?" தாண்டத் தாண்டப் பேச்சு முற்றி, ஒச்சப்பன் தன் கன்னத்தில் பளாரென்று அறைந்துகொண்டான்.

"ஐயோ, தூதனை அடிக்கலாமா!" என்று பதறினான் மொக்கையன்.

"அடிச்சவரும் தூதன்தானடா. அவரை நாம என்ன செய்ய முடியும்?"

அறை வாங்கியவர் அழுதார். அறைந்தவரும் மனசு கேட்காமல் அழுதார். கடைசியில் ஒச்சப்பன் தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொண்டான். முதல் மரியாதைக்குச் சம்மதம். மடையைத் திறக்கச் சம்மதம்.

ஊரில் இதைக் கேட்ட தலைவர் கலங்கிப்போனார். "நானா அடிச்சேன்?"

"நீங்கதான்யா முதல்ல கை நீட்டினீங்க" என்றான் வீரணன்.

தலைவர் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். "அதான் எரியுது."

பிறகு ஊரே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தண்ணீருக்குக் காத்திருந்தது. அங்கே மேல்மடைத் தலைவர் பதிலுக்குக் காத்திருந்தார். நெல் வாடத் தொடங்கியது. பொறுக்கமாட்டாமல் அவரே புறப்பட்டு வந்துவிட்டார்.

"என்னய்யா, உங்க தலைவர் என்னதான் சொன்னார்?"

"இப்படிக் கேட்டா எப்படிய்யா? நீங்களும்தான கூட இருந்தீங்க" என்றான் மொக்கையன். "கன்னம் இப்பத் தேவலையா?"

விவரம் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் மரியாதையைப் பற்றிப் பேசவே தோன்றாமல் போய் மடையைத் திறந்துவிட்டார். நெல் பிழைத்தது.

இந்த இடத்தில் மாசிலாமணி எப்போதும் நிறுத்திவிடுவான். போன மாதம் என் மகள் கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான் நிறுத்திவிட்டுக் கைகழுவ எழுந்தான். எப்போதும் போல இடதுகாலை நொண்டிக்கொண்டே நடந்தான். பின்னால் அவன் மகனும் நொண்டிக்கொண்டு போனான். அவன் விரலைப் பிடித்தபடி, இப்போதுதான் நடக்கப் பழகிய பேத்தியும். இத்தனை வருடம் அடக்கிவைத்திருந்ததை அன்றுதான் கேட்டேன்.

"சகலை, அந்த முள்ளை யாராவது எடுத்தீங்களா?"