மாப்பிள்ளையின் சேற்று டயர்

வழுக்கப்பட்டிக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் அந்த ஊர் ஜீப்புக்கு டயர் வாங்கிய கதையைக் கேட்டதில்லை. குறைவு என்பது கொஞ்சமாவது இருப்பதற்குச் சொல்வது.

ஊரிலிருந்து டவுனுக்குத் தார் ரோடு உண்டு. அந்த ஊர் வெயிலுமுத்துவுக்குப் பெண் பேசியிருந்த ஊருக்கோ அதிலிருந்து பிரியும் கரிசல் மண் பாதை; ஐப்பசி மழையில் அது முழுக்கக் களியாகிக் கிடந்தது. விடிந்தால் கல்யாணம். போன ஐப்பசியிலும் அவனுக்குக் கல்யாணம்தான். ஜீப் சேற்றில் சிக்கி முகூர்த்தம் தப்பியதில், அந்தப் பெண்ணை அவளுடைய அத்தை மகன் கட்டிக்கொண்டு போய்விட்டான். இந்த முறையும் தவறினால் தனக்கு ஜென்மத்துக்கும் பெண் கிடைக்காது என்று வெயிலுமுத்து பயந்தான்.

தாய்மாமன் மாடக்கண்ணுவோடு ஜீப்பில் டவுனுக்கு ஓடினான். டயர் கடைக்காரர் பொறுமைசாலி.

"களிமண்ணுக்கு இந்த மாதிரி பெரிய பெரிய ரப்பர் பட்டன் வச்ச டயர்தான் சரி. பட்டனுக்கு நடுவுல இடைவெளி பாருங்க. அதுல சேறு அடைச்சிரக் கூடாது, அடைச்சா வழுக்கும். காத்தையும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று சொல்லி நாலையும் மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை மாலையும் கழுத்துமாக வெயிலுமுத்து ஜீப்பில் ஏறினான். பின்னால் இரண்டு பங்காளிகள். தார் ரோட்டை விட்டுத் திரும்பிச் சேறு தொடங்கும் இடத்தில் மாடக்கண்ணு வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"மாப்ளே, இதுக்குள்ள விட்டா இடைவெளியில சேறு ஏறிருமே?"

"ஏறும் மாமா."

"ஏறக் கூடாதுன்னுல்ல கடைக்காரர் சொன்னாரு!"

"சாக்கை வச்சு அடைச்சிருவோமா?" என்றான் ஒரு பங்காளி.

"அடைக்கவே கூடாதுங்கிறாரு. சாக்குன்னா மட்டும் அடைப்பு இல்லையாடா?"

தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. வெயிலுமுத்துவுக்கு அழுகை முட்டியது. "மாமா, முகூர்த்தம் போயிரும். கழட்டுங்க டயரை!"

கழற்றினார்கள். ஆளுக்கொன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். கொஞ்ச தூரத்திலேயே கழுத்து இற்றுப்போனது. அப்போதுதான் காற்றைக் குறைக்கச் சொன்னது ஞாபகம் வந்து, குறைத்தார்கள். பாரமும் குறைந்த மாதிரிதான் இருந்தது.

"விவரமான மனுஷன். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொல்லியிருக்காரு" என்றார் மாடக்கண்ணு.

முட்டளவு சேற்றில் விழுந்தும் எழுந்தும், கெட்டிமேளம் கொட்டும் நேரத்துக்குத் தலையில் டயரோடு பந்தலில் நுழைந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. டயரில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தாலி கட்டி முடித்ததும் வெயிலுமுத்து சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதான்.

மாமனார் டயரைத் தடவித் தடவிப் பார்த்தார். "எங்கயுமே சிக்கலையா மாப்ளே?"

"நாங்க சிக்கினோம் மாமா. டயர் ஒரு இடத்துலகூடச் சிக்கலை."

"அப்ப எனக்கும் நாளைக்கே ஒண்ணு வாங்கிரணும். மறுவீட்டுக்கு உங்க ஊருக்கு வரணும்ல?" என்ற மாமனார், கடையில் அளவு கேட்பார்களே என்று ஒரு சணல் கயிற்றை எடுத்துத் தன் தலையைச் சுற்றி அளக்க ஆரம்பித்தார்.