அம்மன் துணிக்குக் காத்தாயி சொன்ன சாட்சி

மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் கடுவனாடு என்றொரு நாடு இருந்ததாம். அதை ஆண்டவன் பெயர் செங்கோடவர்மன். நல்லவன்தான். ஆனால் காலையில் கேட்டதைக் காலையில் நம்புவான். மாலையில் கேட்டதை அதைவிடக் கூடுதலாக நம்புவான். அவனிடம் அமைச்சராக இருப்பது ஆற்று மணலில் கோலம் போடுகிற வேலை. அந்த வேலையை நன்னையர் பதினெட்டு வருடமாகப் பார்த்துவந்தார்.

அந்த நாட்டுத் தெய்வம் செம்முகத்தம்மை. மலையிலிருந்து சிறுமியாக இறங்கி வந்தவள் அந்த ஊர் ஆற்றங்கரையில்தான் பெரியவளானாள் என்பது கதை. அதனால் அவளுக்கும் மாதத் தூரம் உண்டு என்று நம்பினார்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அம்மனுக்குச் சாற்றிய வெள்ளைத் துணியில் சிவப்பு காணும். கண்டால் துணி நேராகக் காத்தாயி கைக்குப் போகும். தலைமுறை தலைமுறையாக அம்மன் துணி வெளுக்கிற குடும்பம் அவளுடையது. அவள் பார்த்து, "தூரந்தான்" என்று சொன்ன பிறகே நடை சாத்துவார்கள்.

அப்புறம் மூன்று நாள் அம்மனுக்கு ஓய்வு. அரசனுக்கும் ஓய்வு. தலைமைப் பூசாரியான தந்திரி உள்ளே உட்கார்ந்து சக்கர பூசை செய்வார். அதுவரை அரசனின் முத்திரை மோதிரம் அவர் விரலில் இருக்கும். அந்த மூன்று நாளில் அவர் போட்ட ஆணையைப் பிறகு அரசனே நினைத்தாலும் மாற்ற முடியாது.

தந்திரி ஈசானபட்டருக்கு அந்த மோதிரத்தின்மேல் ஒரு கண். நன்னையர்மேல் இன்னொரு கண். எதற்கெடுத்தாலும் அரசன் அந்த ஆளையே கேட்கிறானே என்று பொருமல். மோதிரம் கைக்கு வந்தால் நன்னையரை நாடு கடத்திவிடலாம்.

ஆடியில் ஒரு காலை துணி வந்தது. காத்தாயி விரித்தாள், முகர்ந்தாள், ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். நாற்பது வருடம் துணி பார்த்த கை.

"இது தூரம் இல்லை" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.

உச்சிவேளைக்குள் அந்தத் துணியோடு அவளைச் சபைக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

"மன்னா, அம்மனையே பொய் என்கிறாள் இவள். இவள் நாக்கை அறுத்தால்தான் தாயின் கோபம் தணியும்" என்றார் பட்டர்.

"அறுத்துவிடலாம்" என்றான் அரசன்.

நன்னையர் தொண்டையைச் செருமினார். "ஒரு வார்த்தை அவளைக் கேட்டுவிட்டு அறுக்கலாம், அரசே. அறுத்த பிறகு கேட்டால் பதில் வராது."

"அதுவும் சரிதான். சொல்லடி, காத்தாயி."

காத்தாயி துணியைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு எதுவென்று அவளுக்குத் தெரியும். உயிர்ப்பலிக்குப் பதிலாக மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக் குருதி என்று படைப்பது அந்தக் கோயில் வழக்கம். அதைக் கரைப்பவர் பட்டர். ஆனால் வாயால் சொல்லி என்ன பயன்? இப்போது நம்புகிற அரசன் விளக்கு வைக்கும்போது வேறொன்றை நம்புவான். கண்ணால் பார்க்கவேண்டும். அதுவும் பட்டர் கையாலேயே நடக்கவேண்டும். அவருக்குக் கரைக்கத் தெரியும். துவைக்கத் தெரியாது.

"மகராசா, கண்ணு மங்கினவ நான், பிசகியிருக்கலாம்" என்றாள். "என் நாக்கு போனாப் போகட்டும். அம்மனை மறுத்த தோசம் என் பிள்ளைகளுக்கு ஒட்டக்கூடாது. பட்டர் சாமி தன் கையால ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுத்தி, அறுத்து, அந்தத் துணிமேல பிழியட்டும். கழிப்பு முடிஞ்சதும் நானே நாக்கை நீட்டறேன்."

பட்டருக்குச் சிரிப்பு வந்தது. "இப்போதாவது புத்தி வந்ததே!"

"பழம் கொண்டு வாருங்கள்! நல்ல சாறுள்ளதாக!" என்று அரசன் கைதட்டினான்.

பட்டர் மந்திரம் சொல்லி மூன்று முறை சுற்றினார், அறுத்தார், பிழிந்தார். சாறு விழுந்த இடமெல்லாம் சிவப்பு போய் மஞ்சளானது. சொட்டுச் சொட்டாக, புள்ளி புள்ளியாக, சபை பார்க்கப் பார்க்க.

பட்டர் சட்டென்று சுதாரித்தார். "பார்த்தீர்களா! அம்மன் குளிர்ந்துவிட்டாள்!"

"ஆமாம், குளிர்ந்துவிட்டாள்!" என்றான் அரசன்.

"குளிரட்டும் மகராசா. ஆனா ரத்தத்துல எலுமிச்சை பிழிஞ்சா மஞ்சளாகாது. மடப்பள்ளியில மஞ்சளும் சுண்ணாம்பும் வாங்கி, ஒரு துணியில தடவிப் பாருங்க."

அரசன் தன் மேலாடையிலேயே தடவினான். சிவந்தது. பிழிந்தான். மஞ்சளானது. அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், தளபதியின் தலைப்பாகையையும் கழற்றி வாங்கிச் செய்துபார்த்தான். அப்புறம்தான் முகம் மாறியது.

"பட்டரே, கருவறைக்குள் உம்மைத் தவிர வேறு யார் போவார்?"

பட்டர் பிழிந்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்படியானால் காத்தாயி, அம்மனுக்குத் தூரம் வருவதே பொய்யா?"

"வந்தா நான் சொல்றேன், மகராசா."

அரசன் உருகிப்போனான். மோதிரத்தைக் கழற்றி நீட்டினான். "மூன்று நாள் இது உனக்கு!"

"துவைக்கிற கை. ஆத்தோட போயிரும், வேணாம்" என்றாள் அவள். கொஞ்சம் யோசித்தாள். "அம்மனுக்கு மூணு நாள் ஓய்வு. அவ துணி வெளுக்கிறவளுக்கு என்னைக்கும் ஓய்வு இல்ல. மாசத்துல மூணு நாள் எங்க துறையில கல்லு சும்மா கிடக்கணும்."

"கொடுத்தேன். ஆனால் அந்த மூன்று நாள் அரண்மனைத் துணியை யார் வெளுப்பது?"

நன்னையர் பட்டரைப் பார்த்தார். சபை முழுக்கப் பட்டரைப் பார்த்தது.

மறுநாளிலிருந்து மூன்று நாள் ஈசானபட்டர் முழங்கால் தண்ணீரில் நின்றார். காத்தாயி வீட்டில் பகலெல்லாம் தூங்கினாள். எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். நான்காம் நாள் காலை துறைக்குப் போனபோது, அரசனின் மேலாடை மரத்தடியில் காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது. பட்டர் கையெல்லாம் கொப்புளமாக, கல்மேல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை அடித்தும் போகவில்லை" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

காத்தாயி துணியை எடுத்து உதறினாள். "மஞ்சக்கறை நிழல்ல போகாது சாமி" என்று சொல்லி, அதை வெயிலில் விரித்துப் போட்டாள்.