கருவாட்டு வாசனையும் சனிக்கிழமை ஒயினும்

முந்திரிக்குப்பத்துக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே உண்டு. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று புதுசாகவே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

புதுச்சேரியில் பஸ் ஏறினால் கடைசி நிறுத்தம் அந்த ஊர். ஊரே சேர்ந்து நடத்தும் சின்ன ஒயின் கடை ஒன்று அங்கே இருந்தது. பிராந்தி, சாராயம் எல்லாம் கிடையாது. திராட்சை ஒயின் மட்டும்தான். கடையைப் பார்த்துக்கொண்டவள் செலஸ்தீன். ஊரில் அறிவை எடுத்துப் புழங்கியவள் அவள் ஒருத்திதான், அதனால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் தவித்தாள்.

கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர் டவுன் வியாபாரி முசே வலந்தேன், பிரெஞ்சில் முசே என்றால் ஐயா. ஒருநாள் அவர் வந்து, பாட்டில்களின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த ஊர்ல ஒயின்னா என்னன்னே யாருக்கும் தெரியல. வாரா வாரம் சனிக்கிழமை ருசி பார்க்கிற கூட்டம் நடத்து, செலஸ்தீன். மாசக் கடைசியில நான் வருவேன். ருசி தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருந்தா சரக்கு வரும். இல்லைன்னா கடையை மூடிட வேண்டியதுதான்."

கடையை மூடினால் செலஸ்தீன் திண்டிவனத்தில் அண்ணனுடைய கோழிப்பண்ணைக்குத்தான் போகவேண்டும். அங்கே கோழியும் கொத்தும், அண்ணியும் கொத்துவாள்.

முசே கிளம்புமுன் கடைக் கமிட்டியைக் கூப்பிட்டு விளக்கினார். கமிட்டியில் நாலு பேர்: தலைவர் கலியவரதன், கருவாடு விற்கும் தொம்மை, அப்புறம் அந்துவான், பாவாடை.

"பாட்டில் பேர் தெரியாம ருசி பார்க்கணும். வாயில வச்சு சுத்தணும். ஒரு சொட்டுகூட முழுங்கக் கூடாது, வாளியில துப்பிடணும். என்ன வாசனை வருதோ அதை உள்ளபடி சொல்லணும். புரிஞ்சுதா?"

நாலு பேரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். அதைப் பார்த்ததுமே செலஸ்தீன் திண்டிவனத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்துக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை நாலு பேரும் ஆளுக்கொரு வாய் ஒயினை வாயில் வைத்துச் சுழற்றினார்கள். அப்போதுதான் கடையில் வாளி இல்லை என்று தெரிந்தது. செலஸ்தீன் வாசலில் இருந்த மணலைக் காட்டினாள். கலியவரதன் கண்ணை உருட்டி, தலையை ஆட்டி மறுத்தார். முசே வாளி என்றுதான் சொன்னார், மணல் என்று சொல்லவில்லை. பேச முடியாததால் இதையெல்லாம் கைஜாடையில் விவாதித்து முடித்துவிட்டு, கன்னங்கள் உப்பியபடி நாலு பேரும் அவரவர் வீட்டு வாளியைத் தேடி நடந்தார்கள்.

பாவாடை வீட்டு வாளியில் அவன் பெண்டாட்டி தனபாக்கியம் துணி ஊறவைத்திருந்தாள். விடிந்து அவள் துவைத்து முடிக்கும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பாக்கி வைத்திருந்ததை எல்லாம் அன்றைக்கு அவள் ஆசை தீரத் திட்டினாள். ஒரு பதிலும் வரவில்லை. காலையில் கடைக்கு ஓடிவந்தாள்.

"செலஸ்தீன், அவருக்கு என்னமோ மருந்து குடுத்தியாமே? இன்னும் ஒரு வாய் குடேன்."

இரண்டாம் சனிக்கிழமை வாளி வந்துவிட்டது. அந்துவான் முகர்ந்து, சுழற்றி, துப்பிவிட்டுச் சொன்னான்: "கருவாட்டு வாசனை."

தொம்மையின் கருவாட்டுக் கூடை அந்துவானின் காலடியில்தான் இருந்தது. "அண்ணே, அதை வெளியில வச்சிட்டு வாங்க" என்றாள் செலஸ்தீன்.

கலியவரதன் கையை உயர்த்தினார். "இரும்மா. வெளியில வச்சா காக்கா தூக்கிட்டுப் போயிடும். இது சாதாரண விஷயம் இல்ல. அந்துவானுக்கு ஒரு வாசனை வருது. எனக்கு வரல. இது நியாயமா?"

"எனக்கும் வரல" என்றான் பாவாடை, கொஞ்சம் வருத்தத்தோடு.

"கமிட்டின்னா எல்லாரும் சமம். தொம்மை, ஆளுக்கொரு கருவாடு எடு."

ஆளுக்கொரு வாளைக் கருவாடு கிளாஸ் பக்கத்தில் வைக்கப்பட்டது. மறுபடி முகர்ந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே வாசனை. கமிட்டி ஆரம்பித்ததிலிருந்து நாலு பேரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்று கைதட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை செலஸ்தீன் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போகவேண்டியிருந்தது. "பாட்டில்ல காகிதம் சுத்தி, பேரை மறைச்சு வச்சுக்கங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்து கண்ட காட்சியில், அந்த விருந்தில் அவள் சாப்பிட்ட பிரியாணி இன்றுவரை செரிக்கவில்லை.

"காகிதம் கிழிஞ்சிட்டா?" என்றான் அந்துவான்.

"லேபிளையே உரிச்சிடுவோம்" என்றார் தொம்மை.

"ஒரு பாட்டிலை மட்டும் உரிச்சா, மிச்ச பாட்டிலைப் பார்த்து எது இல்லைன்னு கண்டுபிடிச்சிடுவோமே" என்றான் பாவாடை. அவன் வாழ்நாளில் யோசித்ததிலேயே ஆழமான யோசனை அதுதான். கலியவரதன் அவனைக் கட்டிக்கொண்டார். கடையில் இருந்த அத்தனை பாட்டிலையும் வாளியில் ஊறவைத்து, அத்தனை லேபிளையும் உரித்து, வெயிலில் அப்பளம் போலக் காயவைத்தார்கள்.

செலஸ்தீன் திரும்பி வந்து பார்த்தாள். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "போச்சு! எது எந்த ஒயின்னு இனிமே கடவுளுக்குத்தான் தெரியும். நான் கோழிக்குத் தீனி போடத்தான் போறேன்!"

நாலு பேருக்கும் மனசு தாங்கவில்லை. "அழாதேம்மா. நாங்க எதுக்கு இருக்கோம்? ருசி பார்த்து சரியா ஒட்டிடறோம்" என்று, அவள் தடுப்பதற்குள் எல்லா பாட்டிலையும் திறந்துவிட்டார்கள். வழக்கப்படி பக்கத்தில் கருவாடு இருந்தது. முதல் பாட்டில் கருவாடு. இரண்டாவதும் கருவாடு. கடைசி பாட்டில்வரை கருவாடுதான்.

"எல்லாம் ஒன்னுதான்மா, வீணா பயந்துட்டே" என்றார் கலியவரதன். கைக்கு வந்த லேபிளைக் கண்ணில் பட்ட பாட்டிலில் ஒட்டினார்கள். திறந்த தக்கைகள் மறுபடி உள்ளே போக மறுத்தன. தொம்மை கூடையிலிருந்து அளவாக நறுக்கிக் கொடுக்க, எல்லா பாட்டில் வாயையும் கருவாட்டுத் துண்டால் இறுக்கி அடைத்தார்கள். செலஸ்தீனுக்கு அழுகையே நின்றுபோனது.

நாலாம் சனிக்கிழமை முசே வந்தார். செலஸ்தீன் கருவாட்டைப் பிடுங்கி எறிந்திருந்தாள். வாசனையைப் பிடுங்க முடியவில்லை. பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டு, எது நடந்தாலும் நடக்கட்டும் என்று நின்றாள்.

முசே நாலு பேரின் கண்ணையும் துண்டால் கட்டி, கிளாஸைக் கையில் கொடுத்தார். சுழற்றினார்கள். வாளியில் துப்பினார்கள், பாவாடை மட்டும் முசேயின் ஷூவில் துப்பினான்.

"என்ன வாசனை?"

"கருவாடு" என்றார்கள் நாலு பேரும்.

"யோவ், ஒயின்ல எப்படிய்யா கருவாடு வரும்? நாவல்பழம், ஏலக்காய்..." என்று சொல்லிக்கொண்டே முசே ஒரு வாய் பருகினார். முகம் மாறியது. வேறொரு பாட்டிலைச் சாய்த்துப் பருகினார். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"கருவாடுதான்."

செலஸ்தீன் பெட்டியைத் தூக்கினாள்.

"பெட்டியை வை" என்றார் முசே. "இத்தனை வருசமா டவுன்ல பெரிய பெரிய ஆளுங்க ருசி பார்க்கிறாங்க. ஒருத்தன் ரோஜாங்கிறான், ஒருத்தன் தேக்குமரங்கிறான். எனக்கு ஒரு தடவைகூட அது தெரிஞ்சதில்ல. தெரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கிட்டே கிழவனாயிட்டேன். இருக்கிறதை இருக்கிறபடி சொன்னவங்க இவங்கதான். சரக்கு அனுப்பறேன். ஆனா ஒரு கண்டிஷன். இனிமே இந்த ஊர்ல ஒருத்தனும் ருசி பார்க்கக் கூடாது. வாங்குங்க, குடிங்க, அத்தோட நிறுத்திக்கங்க!"

செலஸ்தீன் சந்தோஷத்தில் மறுபடி அழுதாள். கண்கட்டை அவிழ்க்க யாரும் சொல்லாததால் கமிட்டி குடோன் கதவுக்குக் கும்பிடு போட்டு முசேயை வழியனுப்பியது.

புதுச் சரக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை கமிட்டி கூடியது. "இதுவரைக்கும் குடிக்காம ருசி பார்த்தோம். இனி ருசி பார்க்காம குடிக்கணும். நாக்குல பட்டா கடை போச்சு" என்றார் கலியவரதன். மூக்கைப் பொத்தி, நாக்கை மடக்கி, மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைத் தொண்டைவரை விட்டு, ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொண்டார்கள்.

"அட, நல்லாருக்கே!" என்று பாவாடை வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். "ருசி பார்த்துட்டியா, பாவி? கடையை மூட வச்சிடுவியே!"

"இல்லண்ணே, சும்மா சொன்னேன்!"

விசாரணை நடந்தது. ஒரு கிளாஸ் ஊற்றி, "எப்படி இருக்கு?" என்றார்கள். "தெரியல" என்றான். சந்தேகம் தீரவில்லை. இன்னொன்று ஊற்றினார்கள். அப்படியே பாட்டில் காலியானது. கடைசியில் கலியவரதன், "உன் பேரு என்னடா?" என்றார். பாவாடை நெடுநேரம் யோசித்து, "அதுவும் தெரியலண்ணே" என்றான்.

"பேரே தெரியாதவனுக்கு ருசி எங்கே தெரியப் போவுது? நிரபராதி" என்று தீர்ப்பாயிற்று. பாவாடையைச் செலஸ்தீனின் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவன் பாடிக்கொண்டே போனான்.

அதற்கடுத்த சனிக்கிழமை செலஸ்தீன் கடையைத் திறக்குமுன்பே வாசலில் தலைவர், தொம்மை, அந்துவான் மூன்று பேரும் கைகட்டித் தலைகுனிந்து நின்றார்கள்.

"என்னண்ணே?"

"தப்பு நடந்துபோச்சும்மா" என்றார் கலியவரதன். "நாங்களும் ருசி பார்த்துட்டோம். தயவு தாட்சண்யம் பார்க்காம எங்களையும் விசாரி. தள்ளுவண்டியைக் கையோட கொண்டாந்திருக்கோம்."