எல்லாம் வரும் என்ற குரங்கு

ஒரு காட்டில், ஆற்றங்கரை நாவல் மரத்தின் மேல் ஒரு குரங்கு வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு வலியும் இல்லை, பசியும் இல்லை. கீழே எல்லா விலங்குகளும் நீர்நாயைப் புகழ்ந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. யாருக்கு ஆபத்து என்றாலும் மைனாவிடம்தான் ஓட வேண்டும். அது பறந்து போய், அந்த ஆபத்துக்கு ஏற்ற ஆளைக் கூட்டி வரும். ஆனால் மைனா வேறு காட்டிலிருந்து வந்தது. இங்கே யாருக்கு எந்த வேலை வரும் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு விலங்கும் தன் வேலையை அதனிடம் சொல்லிவைக்கும். சொன்னதை மைனா அப்படியே நம்பும். தானாக எதையும் கூட்டாது, குறைக்காது.

நீர்நாய் இப்படிச் சொல்லிவைத்திருந்தது: "ஆற்றில் யாராவது விழுந்தால் என்னைக் கூப்பிடு. முயல் அளவு உடம்பென்றால் இழுத்து வந்துவிடுவேன். மான் அளவென்றால் என்னால் ஆகாது, யானையைக் கூப்பிடு."

குரங்கும் முதலில் சரியாகத்தான் சொல்லியிருந்தது. "உயரத்தில் ஏறுவேன். கிளையிலோ பாறை இடுக்கிலோ யாராவது மாட்டிக்கொண்டால் கூப்பிடு."

மழைக்காலம் வந்தது. ஆறு பெருகியது. உயரத்தில் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. ஆற்றில்தான் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தார்கள். மைனா ஒவ்வொரு முறையும் நீர்நாயைக் கூப்பிட்டது. பிழைத்து வந்த முயல், நன்றிக்காக நீர்நாயின் வளை வாசலில் அத்திப்பழங்களைக் குவித்துவிட்டுப் போனது.

குரங்குக்குப் பொறுக்கவில்லை. "மீன் தின்கிறவனுக்கு அத்திப்பழம் எதற்கு? சேற்றில் புரளுகிற பயலுக்கு வந்த வாழ்வைப் பார்," என்று மனைவியிடம் பொருமியது.

"அவர் நனைந்து சாகிறார், பழம் வருகிறது. உங்களுக்கு ஏன் எரிகிறது?" என்றது பெண் குரங்கு.

குரங்கு நேராக மைனாவிடம் போனது.

"மைனா, நான் சொல்லிவைத்ததை மாற்ற வேண்டும்."

"சொல்லுங்கள் அண்ணா."

"எந்த ஆபத்து என்றாலும் முதலில் என்னைக் கூப்பிடு. என்னைப் போல் கெட்டிக்காரன் இந்தக் காட்டிலேயே கிடையாது."

"எந்த ஆபத்து என்றாலுமா? பள்ளம், நெருப்பு, ஆறு?"

"எல்லாம்தான். எனக்கு எல்லாம் வரும்."

"உங்களால் முடியாதது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள் அண்ணா. நினைவில் வைத்துக்கொள்கிறேன்."

குரங்குக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் காலைத் தொட்டாலே உடம்பு வெடவெடக்கும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தது. அந்த நேரம் பார்த்து நீர்நாய் ஓர் அத்திப்பழத்தைக் கடித்தபடி கீழே போனது. போதாததற்கு ஒரு மான் அதைப் பார்த்துத் தலை வணங்கியது.

"அப்படி ஒன்றும் இல்லை," என்றது குரங்கு.

மைனா நம்பியது.

மறுநாள் குரங்கு பழம் தேடி மலைச்சரிவுக்குப் போயிருந்தது. மைனா மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"அண்ணா, சீக்கிரம் வாருங்கள். ஆற்றில் ஒரு குட்டி விழுந்துவிட்டது."

குரங்குக்கு முதலில் தோன்றியது பயம் இல்லை. "நீர்நாயைக் கூப்பிடவில்லையா?" என்று கேட்டது.

"அவர் வளையிலேயே இருந்தார். அவர் தலைக்கு மேலேதான் பறந்து வந்தேன். நீங்கள்தானே உங்களை முதலில் கூப்பிடச் சொன்னீர்கள்?"

குரங்கின் உள்ளம் குளிர்ந்தது. அந்தப் பயல் பார்த்துக்கொண்டிருக்க, தன்னைத் தேடி மைனா மலை ஏறி வந்திருக்கிறது. கிளையை வளைத்துக் கொடுத்து எப்படியாவது தூக்கிவிடலாம் என்று நினைத்தபடி, "விழுந்தது யார் குட்டி?" என்று கேட்டது.

"உங்கள் குட்டிதான் அண்ணா. ஆற்றுப் பக்கம் சாய்ந்த கிளையில் ஆடியது. கிளை முறிந்துவிட்டது."

குரங்குக்கு உயிரே போய்விட்டது. மரத்துக்கு மரம் தாவி ஓடியது. கரைக்கு வந்து பார்த்தால், நடு வெள்ளத்தில், பாறையில் சிக்கிய முறிந்த கிளையைப் பற்றிக்கொண்டிருந்த குட்டியின் தலை தெரிந்தது, மறைந்தது. எட்டிப் பிடிக்க ஒரு கிளையும் இல்லை. கரையில் பெண் குரங்கு கதறிக்கொண்டிருந்தது.

"இறங்குங்கள் அண்ணா," என்றது மைனா.

குரங்கு தண்ணீரில் ஒரு காலை வைத்தது, எடுத்தது. "அட பாவி, நீர்நாயைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"உங்களுக்கு ஆறும் வரும் என்றீர்களே."

"வராது. எனக்கு நீந்தத் தெரியாது. ஓடிப் போய் அவனைக் கூட்டி வா."

இதைக் கரையில் கூடிவிட்ட எல்லா விலங்குகளும் கேட்டன. குரங்கு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மைனா பறந்தது. அடுத்த நொடி நீர்நாய் வெள்ளத்துக்குள் பாய்ந்தது.

ஆறு அதற்குள் குட்டியைத் தொலைவில் உள்ள வளைவு வரை அடித்துக்கொண்டு போயிருந்தது. நீர்நாய் அதைக் கரையில் கொண்டுவந்து போட்டபோது குட்டியிடம் அசைவே இல்லை. பெண் குரங்கு குட்டியைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தியது. வெகுநேரம் கழித்து, குட்டி தண்ணீரைக் கக்கி, ஈனமாக முனகியது.

நீர்நாய் ஒன்றும் கேட்காமல் உடம்பை உதறிக்கொண்டு நின்றது. பெண் குரங்கு கணவனின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மைனாவுக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. "அண்ணா, உங்கள் வேலையை இனி நான் எப்படி நினைவில் வைக்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டது.

குரங்கு தலை குனிந்தது. நீர்நாயைப் பார்த்தால் அப்போதும் நெஞ்சில் ஓர் ஓரம் எரியத்தான் செய்தது. ஆனாலும் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னது:

"உயரம் என்றால் என்னைக் கூப்பிடு. ஆறு என்றால் கூப்பிடாதே, எனக்கு நீந்தத் தெரியாது. அதற்கு நீர்நாயைக் கூப்பிடு."

நீதி: உன் சொல்லை நம்பி உன்னைக் கூப்பிடுகிறவரிடம், உன்னால் முடிந்ததோடு முடியாததையும் சொல்லிவை.